கணக்கும் கைப்பிடி அரிசியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் தொண்டுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்னிசையும் நாடகமும் காண நீங்கள் காத்திருக்கும் இவ்வேளையில், நாங்கள் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சுவை குறைந்த பொருள்தான். எனினும் தொண்டுக் குழு இவ்வாண்டு உங்கள் முன் வைக்க வேண்டிய செய்தி அதுவே. நம்முடையதைப் போன்ற ஒரு சிறிய அமைப்பு செய்யும் தொண்டிற்குப் பொருள் எங்கிருந்து கிடைக்கும், அதனைப் பெறுவதற்கு நாம் எவ்வாறு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பனவற்றை, நாங்கள் பட்டறிந்த அளவில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இக்கேள்வி நம் முன்னோர்க்குப் புதியதன்று. விருதுநகர் வணிகர்கள் தம் வாணிகத்தின்மீது மகமை என்னும் சிறு தொகையைத் தாமே விதித்துக்கொண்டு, அதனைக் கொண்டு கல்விச்சாலைகளையும் பிற அறங்களையும் நடத்தினர். காமராசர் இளமையில் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளியாகும். உலையில் இடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பது நம் வீட்டுப் பெண்மக்களின் வழக்கமாக இருந்தது. அந்த ஒரு பிடியால் எவர் வயிறும் குறையவில்லை. ஆனால் ஓர் ஊரின் பிள்ளைகள் எழுத்தறிந்தனர்.

பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தவர்களும் அவ்வழக்கத்தை மறந்தாரில்லை. 1932ஆம் ஆண்டு மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம், ஒரு பள்ளியாகத் தொடங்கி, இன்று பல பள்ளிகளும் கல்லூரிகளுமாகப் பரந்து நிற்கிறது. அதனைத் தோற்றுவித்தவர்கள் பெருஞ்செல்வர்கள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தம்மிடம் உள்ளதைத் திரட்டித் தொடங்கினர். தொடங்கிய பின்னரே பிறர் கைகொடுத்தனர். இந்த வரிசை முறையை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும். ஏனெனில், நாங்கள் அதனைத் தலைகீழாக்கிக்கொண்டு தவறு செய்தோம்.

அத்தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் காலனிக்கு அடுத்த குடிசைப் பகுதியில் வாழும் பிள்ளைகளுக்காக நாம் நடத்தும் மாலை வகுப்பை நீங்கள் அறிவீர்கள். 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலர்கள் அவ்வகுப்பைக் காண வந்தனர். பிள்ளைகளின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தனர், ஆசிரியைகளுடன் பேசினர், மனம் நிறைந்தனர். இரண்டு ஆண்டுச் செலவை முழுவதும் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருப்பதாகவும், அதற்குரிய ஆவணங்களை அனுப்புமாறும் கூறிச் சென்றனர். நாங்கள் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியில் அதுவரை வீடுவீடாகத் திரட்டிவந்த சந்தாவையும் நிறுத்திவிட்டோம்.

பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை கேட்டிருந்தனர். நோய்த்தொற்று பரவியிருந்த 2020-21ஆம் ஆண்டின் கணக்கு தணிக்கையாகாமல் ஒரு குறிப்பேட்டிலேயே கிடந்தது. இரண்டு முறை நிர்வாகிகள் மாறியும், அம்மாற்றத்தை அறநிலைய ஆணையர் அலுவலகத்திற்கு நாங்கள் தெரிவிக்கவில்லை. அதனால் அரசுப் பதிவேட்டில் பழைய நிர்வாகிகளின் பெயர்களே இருந்தன. வருமானவரித் துறையின் பதிவும் புதுப்பிக்கப்படவில்லை. இவற்றையெல்லாம் சரிசெய்ய முனைவதற்குள் மார்ச்சுத் திங்கள் முடிந்தது. நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டும். ஆகவே அப்பணம் வேறு இடத்திற்குச் சென்றது. அவர்களைக் குறைகூற இடமில்லை. பிழை எங்களுடையது.

அவ்வாண்டு சூன் திங்களில் மாலை வகுப்பை மூடினோம். மீண்டும் திறக்க எட்டுத் திங்கள் ஆயின. முன்னர் நாற்பத்திரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தனர். திறந்த அன்று வந்தவர் முப்பத்தொருவர். ஏழாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி, மாலையில் வீட்டில் தனியே விட இயலாதென்று தாயுடன் வீட்டு வேலைக்குச் சென்றுவிட்டாள். அவள் திரும்பவில்லை. ஒரு படிவத்தை உரிய காலத்தில் அனுப்பாமையின் விலை இது. அலுவலகத் தாள் என்று நாம் அலட்சியம் செய்வது, வேறொரு வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பாக இருக்கிறது.

ஆதலின், முதற்கண் பெட்டியில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி மகாராட்டிரத்தில் பதிவான சங்கம், 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்திற்கும் உட்பட்டதாகும். நிர்வாகிகள் மாறினால் தொண்ணூறு நாட்களுக்குள் அம்மாற்றத்தை அறிவித்தல் வேண்டும். அடுத்து, வருமானவரித் துறையின் பதிவு. முன்பு அதனை ஒருமுறை பெற்றால் என்றும் நிலைத்திருந்தது; 2021 முதல் அது குறித்த காலத்திற்கே செல்லும், பின் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது, நீதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிவு. மத்திய அரசின் நல்கையை நாடும் அமைப்புகளுக்கு அவ்வெண் வேண்டும். நான்காவது, ஆண்டுதோறும் தணிக்கையான கணக்கு. இந்நான்கும் இருந்தால் எக்கதவையும் தட்டலாம். இல்லையேல் திறந்த கதவும் நமக்கு மூடியதே.

இனி, தட்டக்கூடிய கதவுகள் எவை என்று பார்ப்போம்.

முதலாவது, தொழில் நிறுவனங்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர இலாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுதல் வேண்டும். அப்பணத்தைப் பெற்றுப் பணியாற்ற விரும்பும் நம்போன்ற அமைப்பு, தான் செய்யும் பணியில் மூன்றாண்டு அனுபவம் உடையதாக இருத்தல் வேண்டும். நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 என்னும் படிவத்தால் பதிந்து எண் பெறுதலும் வேண்டும். இப்பதிவு முறை 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிறுவனங்களின் ஆண்டு மார்ச்சில் முடிகிறது. ஆகவே கோடையிலேயே அணுகுதல் நலம். சனவரியில் வந்த வாய்ப்பு எங்களுக்கு என்னவாயிற்று என்பதைக் கேட்டீர்கள்.

இரண்டாவது, பழைய அறக்கட்டளைகள். 1919இல் தோன்றிய சர் இரத்தன் டாட்டா அறக்கட்டளையும், 1932இல் தோன்றிய சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையும் இந்நகரத்திலேயே உள்ளவை. இத்தகைய அறக்கட்டளைகள் பெருந்திட்டங்களையே பெரிதும் நாடுகின்றன. தனித்து நிற்கும் சிறிய சங்கங்கள் ஒன்றுகூடி, ஒரு பகுதி முழுவதற்குமான பணியைத் திட்டமிட்டுச் சென்றால் செவிசாய்க்கும் வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது, நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி. 1993இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அளவிற்குப் பணிகளைப் பரிந்துரைக்கலாம். மாவட்ட நிர்வாகம் அவற்றை நிறைவேற்றும். நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துகளுக்கே இந்நிதி உரியது. ஆசிரியைக்குச் சம்பளம் இதிலிருந்து தர இயலாது. இன்ன பணத்தை இன்ன காரியத்திற்கே கேட்க வேண்டும் என்று அறியாமல் விண்ணப்பம் எழுதுவது, மருந்துக் கடையில் அரிசி கேட்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள். இதில் மிகுந்த கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை நீங்காத ஒருவர், எந்நாட்டில் உழைத்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை அயல்நாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்காவிலோ பிறநாட்டிலோ குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது, அவர் இந்நகரில் பிறந்து வளர்ந்தவராயினும், அயல்நாட்டு நன்கொடையே. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும், புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென ஒரு கணக்கும் இன்றி அதனைப் பெறலாகாது. நமக்கு அவ்வனுமதி இல்லை. ஆதலின், “என் மகன் அனுப்புவான்” என்று அன்போடு கூறும் பெற்றோரிடம், “தங்கள் மகனின் கடவுச்சீட்டு எந்நாட்டுடையது?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. தவறாக எண்ணாதீர்கள்; குறுக்கு வழியும் தேடாதீர்கள்.

ஐந்தாவது, பணமாக அல்லாத ஒரு வளம். மகாராட்டிரத்தில் அறக்கட்டளையாகப் பதிவான மருத்துவமனைகள் பல, படுக்கைகளில் 10 விழுக்காட்டை வறியோர்க்கு இலவசமாகவும், மற்றொரு 10 விழுக்காட்டை நலிந்தோர்க்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்குதல் வேண்டும். பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் அடிப்படையில், 2006ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம் இது. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தாலும், எந்தச் சான்றிதழுடன் யாரை அணுகுவது என்பது தெரியாது. ஓய்வு பெற்ற நம் பெரியோர் இருவர் வாரம் ஒரு நாள் அவர்களோடு சென்று உதவினால், சங்கத்தின் பெட்டியிலிருந்து ஒரு ரூபாயும் செலவாகாமல் ஓர் உயிர் காக்கப்படலாம். பணத்தை மட்டும் வளம் என்று கருதுவது குறைந்த கருத்து.

கடைசியாகச் சொன்னாலும் முதன்மையானது, இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள். நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை உண்டா என்று பலர் வினவுகின்றனர். 80ஜி என்று நாம் பழகிய பெயரால் அழைக்கும் அச்சலுகை, பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கே உண்டு. புதிய வரிமுறையில் தனிமனிதர்க்கு இல்லை. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகத் தந்தால் கிட்டாது. இதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. சலுகையை எண்ணித் தந்த காலம் குறைந்துவருகிறது; மனத்தை எண்ணித் தரும் காலம் திரும்பட்டும்.

வகுப்பு மீண்டும் திறந்த வரலாற்றையும் சொல்ல வேண்டும் அல்லவா? எந்த நிறுவனமும் அதனைத் திறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அறுபத்து நான்கு வீடுகள், வீட்டிற்குத் திங்கள்தோறும் 200 ரூபாய் தர இசைந்தன. கூடிய தொகை 12,800 ரூபாய். இரு ஆசிரியைகளுக்கும் ஐயாயிரம் ஐயாயிரமாகப் பத்தாயிரம். எஞ்சிய 2,800 ரூபாயில் ஏடும் எழுதுகோலும் மாலைச் சுண்டலும். ஆசிரியைகளுக்கு நாம் தருவது குறைவு என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். எனினும் அன்று முதல் வகுப்பு ஒருநாளும் பணமின்மையால் நின்றதில்லை. பெரிய நன்கொடை மழை போன்றது. பெய்தால் ஏரி நிறையும். இச்சிறு சந்தா கிணற்று ஊற்றுப் போன்றது. மழை பொய்த்த ஆண்டிலும் ஒரு குடம் நீர் தரும். ஊற்றைத் தூர்த்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்றதே நாங்கள் அன்று செய்த பிழை.

இதனால் வெளியிலிருந்து வரும் பொருள் வேண்டா என்பது எங்கள் கருத்தன்று. வேண்டும், ஆசிரியைகளுக்குத் தக்க ஊதியம் தரவும், இன்னும் ஒரு வகுப்பைத் தொடங்கவும் கட்டாயம் வேண்டும். ஆனால் அது வளர்ச்சிக்கு உரியதாக இருக்கட்டும். உயிர்ப்புக்கு உரியது நம் கையில் இருக்கட்டும். தவிர, வெளியார் நம்மை நோக்கிக் கேட்கும் முதற் கேள்வி, “உங்கள் காலனியார் எவ்வளவு தருகின்றனர்?” என்பதே. அறுபத்து நான்கு வீடுகளின் பெயர்ப் பட்டியலைவிடச் சிறந்த பரிந்துரைக் கடிதம் நமக்கு வேறில்லை.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். கணக்கறிந்தவர் ஒருவர், தணிக்கை முடியும்வரை பொருளாளர்க்குத் துணையாக இருக்க முன்வருதல் வேண்டும். அலுவலக நடைமுறை அறிந்தவர் ஒருவர், பதிவுகளின் காலக்கெடுக்களைக் குறித்து வைத்து, உரிய நாளில் எங்களை நினைவூட்டுதல் வேண்டும். நாங்கள் சோர்ந்தால் கடிந்துகொள்ளவும் அவர்க்கு உரிமை தருகிறோம். மூன்றாவதாக, இன்னும் இச்சந்தாவில் சேராத வீட்டார், இவ்விழா முடிந்து இல்லம் திரும்புமுன், வாயிலில் உள்ள ஏட்டில் தம் பெயரை எழுதிச் செல்லுதல் வேண்டும்.

வராத அந்தப் பதினொரு பிள்ளைகளின் பெயர்களை நாங்கள் அவ்வேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எவரையும் குறைசொல்வதற்காக அன்று. அடுத்த முறை பெட்டியைத் திறக்க நாங்கள் காலந்தாழ்த்தாதிருப்பதற்காக. அவர்களுள் நால்வர் இதற்குள் திரும்பி வந்துவிட்டனர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எஞ்சிய எழுவரின் வீட்டுக் கதவுகளையும் தட்டிக்கொண்டிருக்கிறோம்.