தீர்ப்பில் உங்கள் பெயர்



கனடாவில், அல்பேர்ட்டா மாகாணத் தொழிலுறவுச் சபையின் தீர்ப்பு ஒன்றில் ஒருவருடைய பெயர் இருந்தது. வேலைத்தலப் பிணக்கு. விசாரித்தார்கள், தீர்ப்பு எழுதினார்கள், கோப்பை மூடினார்கள். 2014இல் அவர் கூகுளில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தபோது, ருமேனியாவிலிருந்து நடத்தப்பட்ட ஓர் இணையதளத்தில் அந்தத் தீர்ப்பு அப்படியே கிடந்தது. கனடிய நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் எழுதிய ஏராளமான தீர்ப்புகளை அந்தத் தளம் பிரதி எடுத்து, பெயரைத் தேடினால் அகப்படும்படி போட்டிருந்தது. விரைவாக நீக்க வேண்டுமென்றால் காசு கேட்டது. வழக்கு கனடாவின் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. 2017இல் நீதிமன்றம், இது செய்தித்தொழில் அல்ல, மக்களின் சங்கடத்தை வைத்துப் பணம் பண்ணுவது என்று கண்டது. தீர்ப்புகளை நீக்கச் சொன்னதோடு, வழக்குப் போட்டவருக்கு 5,000 டொலர் நட்டஈடும் கொடுக்கச் சொன்னது.

அந்தத் தளம் எதையும் திருடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அத்தனையும் பகிரங்கத் தீர்ப்புகள். பிரதி எடுக்கப்பட்ட மூலங்களில் ஒன்று கான்லீ என்ற தளம், கனடாவின் சட்டத்தரணிகள் சங்கங்கள் சேர்ந்து நடத்துவது. அங்கே யாரும் இலவசமாகத் தீர்ப்புகளைப் படிக்கலாம். ஆனால் கூகுள் போன்ற தேடுபொறிகள் உள்ளே வந்து தீர்ப்புகளை அட்டவணைப்படுத்த கான்லீ விடுவதில்லை. சட்டம் படிக்க வருபவருக்குக் கதவு திறந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சும்மா தட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் அகப்படாது. ருமேனியத் தளம் உடைத்தது இந்த ஒரு தடுப்பைத்தான். அதனாலேயே மனிதர்களின் வாழ்க்கை சந்திக்கு வந்துவிட்டது.

தீர்ப்பாயம் என்று நான் சொல்வது பெரிய நீதிமன்றங்களை அல்ல. வாடகைப் பிணக்கு, மனித உரிமை முறைப்பாடு, அகதிக் கோரிக்கை இவற்றையெல்லாம் கேட்கும் சபைகளை. நம்மில் பெரும்பாலானோர் வாழ்நாளில் உயர்நீதிமன்றப் படி ஏறமாட்டோம். ஆனால் இந்தச் சபைகளில் ஏதாவதொன்றின் முன்னால் போய் நிற்க வேண்டிய நாள் யாருக்கும் வரலாம்.

ஒன்ராறியோவில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வேலை போய்விட்டது, மூன்று மாத வாடகை நிலுவை. வீட்டுக்காரர் வீட்டுரிமையாளர்–வாடகையாளர் சபைக்கு விண்ணப்பிக்கிறார். நிலுவை இருப்பது உறுதியானாலும், வெளியேற்றக் கட்டளை கொடுக்குமுன் சபை உறுப்பினர் அந்தக் குடும்பத்தின் நிலைமை முழுவதையும் பார்க்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 83ஆம் பிரிவு. ஆகவே குடும்பம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மனைவியின் நோய், பிள்ளையின் விசேட பள்ளிக்கூடம், கணவன் பிரிந்துபோனது, எந்த மருந்து, எந்த மருத்துவர். சொன்னால்தான் தவணை கிடைக்கும். பிறகு அதெல்லாம் கட்டளையில் முகவரியோடு எழுத்தாகிறது. நாளைக்கு வேறொரு வீடு தேடிப் போகும்போது அதே எழுத்து அவர்களுக்கு முன்னால் போய் நின்றால் என்ன நியாயம்? இரக்கம் கேட்டு வாய் திறந்ததற்கு இவ்வளவு விலையா?

வீட்டுக்காரர் பக்கத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனையோ பேர் தங்கள் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் வீட்டுக்கடன் கட்டுபவர்கள். வேண்டுமென்றே வாடகை கட்டாமல் வீடு வீடாக மாறிப் போகிற ஒருவரிடம் ஒரு வருட வருமானத்தை இழந்தவர், "எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாதா?" என்று கேட்கத்தான் செய்வார். வாடகைக்கு வருபவரும் அதையே கேட்கலாம். குளிர்காலத்தில் சூடேற்றியைத் திருத்தாத வீட்டுக்காரர் யார், ஒரே கட்டடத்துக்கு எதிராக எத்தனை விண்ணப்பங்கள் என்று அறிய அவருக்கும் உரிமை இருக்கிறது.

இந்தச் சபைகளின் கோப்புகள் நெடுங்காலம் மூடியே கிடந்தன என்பதையும் மறக்கக்கூடாது. ஒன்ராறியோவில் பல தீர்ப்பாயங்களின் கோப்புகளைப் பார்க்க ஒரு பத்திரிகையாளர் தகவல் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்து பெற்ற தாளில் பெயர்களுக்கு மேல் கறுப்பு மை. டொரண்டோ ஸ்டார் பத்திரிகை வழக்குப் போட்டது. 2018இல் மாகாண உயர்நீதிமன்றம், நீதிமன்றம் திறந்திருக்க வேண்டுமென்றால் நீதி வழங்கும் தீர்ப்பாயமும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே தீர்ப்பாயப் பதிவுகளுக்கென்று புதுச் சட்டம் வந்தது. இப்போது திறந்திருப்பதுதான் வழமை, மூட வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டும். இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். கறுப்பு மை எளியவர்களைக் காப்பாற்றியதைவிட, அலட்சியமாகத் தீர்ப்பெழுதியவர்களையே அதிகம் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

என்ன காரணம் காட்டினால் மூடுவார்கள்? அதற்கு 2021இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. 2017 டிசம்பரில் டொரண்டோவில் தங்கள் வீட்டிலேயே இறந்து கிடந்த ஷேர்மன் தம்பதியரின் சொத்துக் கோப்புகளைப் பற்றிய வழக்கு அது. குடும்பத்தார் மூடிவைக்கக் கேட்டார்கள், பத்திரிகையாளர் எதிர்த்தார். கோப்பைத் திறக்கும்படிதான் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் இன்னொன்றும் இருக்கிறது. ஒருவருடைய அந்தரங்கம் அவரோடு மட்டும் முடிகிற சங்கதி அல்ல, மனிதரின் மானத்தைக் காப்பதே பொதுநலன்தான் என்றது நீதிமன்றம். வெட்கமாக இருக்கிறது, சங்கடமாக இருக்கிறது என்பது போதாது. ஒருவருடைய வாழ்வின் உள்மையமான செய்தி வெளியே வந்து, அதனால் அவர் மானம் கெடும் ஆபத்து உண்மையில் இருக்க வேண்டும். அதை நிரூபித்தால் மறைக்கலாம், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும்.

இனி நமக்கு மிக நெருக்கமான சபைக்கு வருவோம். குடிவரவு மற்றும் அகதிகள் சபை 1989இல் தொடங்கியது. அகதிக் கோரிக்கையாளரை நேரில் இருத்திக் கேட்காமல் அவர் கதையைப் பொய் என்று தள்ள முடியாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பலன் அது. ஈழத்திலிருந்து வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்தச் சபையின் முன்னால் இருந்திருக்கிறார்கள். எந்த முகாமில் வைத்தார்கள், என்ன செய்தார்கள், யார் காசு கொடுத்து வெளியில் எடுத்தார்கள், தம்பி இப்போது எங்கே இருக்கிறான் என்று எல்லாவற்றையும் அங்கேதான் சொன்னார்கள். சொந்தப் பிள்ளைகளுக்கே சொல்லாததை ஓர் உறுப்பினருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் முன்னால் சொன்னார்கள். அந்த விசாரணை பொதுமக்கள் இல்லாமல் நடக்க வேண்டும் என்பது சட்டம். வெளியிடும் தீர்ப்புகளிலும் கோரிக்கையாளரின் பெயரைச் சபை எடுத்துவிடுகிறது. சரியான ஏற்பாடு. இங்கே பெயர் வெளியில் போனால் சங்கடத்தோடு முடியாது, ஊரில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

ஆனால் தீர்ப்பெழுதும் உறுப்பினரின் பெயர் மறையக்கூடாது. டொரண்டோவில் யோர்க் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஷான் ரிஹாக், தகவல் சட்டத்தின் கீழ் தரவுகளைக் கேட்டு வாங்கி, எந்த உறுப்பினர் எத்தனை கோரிக்கைகளை ஏற்றார், எத்தனையை நிராகரித்தார் என்று தொடர்ந்து வெளியிட்டு வந்திருக்கிறார். உறுப்பினருக்கு உறுப்பினர் வேறுபாடு மிகப் பெரிது. யார் மேசைக்குக் கோப்புப் போனது என்பதைப் பொறுத்தே ஒருவரின் வாழ்வு திசை மாறலாம் என்று அந்தக் கணக்குக் காட்டுகிறது. இதை வெளிக்கொண்டுவர ஒரு கோரிக்கையாளரின் பெயரும் தேவைப்படவில்லை. உறுப்பினர்களின் பெயர் மட்டும் போதுமாக இருந்தது.

இதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். தீர்ப்பு எழுதுபவரின் பெயரும், அவர் சொல்லும் காரணங்களும், அரசு அதிகாரி செய்ததும் செய்யாததும் மக்களுக்குச் சொந்தம். நீதி கேட்டு வந்தவரின் நோயும் முகவரியும் குடும்பப் பெயரும் அந்தக் காரணங்களைத் தாங்கி நிற்கிற அளவுக்கு மட்டும் போதும். பெயரை மட்டும் எடுத்தால் போதாது என்பதையும் தீர்ப்பு எழுதுகிறவர்கள் உணர வேண்டும். சிறிய கிராமத்தின் பெயரும், வந்த கப்பலும், தொழிலும் சேர்ந்து நின்றால் ஊர்க்காரர் ஒரு நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

அகதிச் சபையில் தோற்றவர் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே நிலைமை தலைகீழ். அது பகிரங்க நீதிமன்றம், வழக்கின் தலைப்பே அவருடைய பெயர்தான். கீழே மூடிவைத்த கதை மேலே போனதும் திறந்துவிடுகிறது. பெயரை மறைக்கும்படி விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே கேட்கலாம் என்று 2021இல் விதிகளைத் திருத்தினார்கள். தானாக நடக்காது, கேட்க வேண்டும். எனவே உங்கள் வீட்டில் யாராவது கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால், கட்டணத்தைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தரணியிடம் இதைக் கேளுங்கள். பெயர் வெளியாகிவிட்ட பிறகு கேட்டால் பாதிப் பயன்தான்.

2021க்கு முந்திய ஆண்டுகளில் அந்த நீதிமன்றத்துக்குப் போன நம்மவர்கள் பலரின் தீர்ப்புகள் இன்னமும் முழுப் பெயரோடு, ஊரோடு, சித்திரவதை விவரத்தோடு அதன் பதிவுகளில் இருக்கின்றன. அந்த வழக்குகளிலிருந்து பிறந்த சட்டக் கருத்துகளை ஒரு வரி விடாமல் வைத்துக்கொள்ளட்டும். பெயர்களை மட்டும் முதலெழுத்துகளாக மாற்றித் தரும்படி, வழக்குக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே சட்டத்தரணி பிடித்துக் கேட்க வேண்டியிராமல், நீதிமன்றமே ஒரு வழி செய்ய வேண்டும். நம் சமூக அமைப்புகள் இதை எழுத்தில் கேட்க வேண்டும், இந்த ஆண்டே கேட்க வேண்டும்.