நாட்காட்டியும் நிலப் பதிவேடும்



1875-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சோட்டா நாகபுரிப் பீடபூமியில் உலிஹாட்டு என்னும் சிற்றூரில் பிறந்து, சாயிபாஸாவில் ஜெர்மன் பாதிரிமார் நடத்திய பள்ளியிற் சில காலம் பயின்று, பின் அதனைத் துறந்து, தம் முண்டா மக்களின் மண்ணுக்காகப் பெருங்கிளர்ச்சி ஒன்றை நடத்தி, 1900-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்த பிர்ஸா முண்டாவுக்கு அப்பொழுது இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. ஏறக்குறைய அதே பிராயத்தில் இன்று பட்டம் பெற்றுச் செல்லும் உங்கள் முன்னிலையில் அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தமென்று கருதுகிறேன். அவர் பிறந்த நாளைப் பழங்குடியினரின் கௌரவ தினமாக ஆண்டுதோறும் கொண்டாடுவதென்று மத்திய அமைச்சரவை 2021 நவம்பரில் தீர்மானித்தது. ஜார்க்கண்ட் மாநிலம் 2000-இல் உதயமானதும் அதே தேதியில்தான்.

ஓர் அரசாங்கம் ராஜத்துரோகியென்று தேடிப் பிடித்தவரின் ஜன்ம தினத்தைப் பின்வந்த அரசாங்கம் விழாவாக எடுப்பது சரித்திரத்தில் புதுமையன்று. கொண்டாடுகிறவர்கள் அவர் எதற்காகப் போராடினார் என்பதை மறந்துவிடுவதும் புதுமையன்று.

காட்டை வெட்டித் திருத்திக் கழனியாக்கிய முன்னோரின் சந்ததியார் யாவர்க்கும் அவ்வூரின் நிலமும் மரமும் நீரும் பொதுவான பாத்தியதை என்பது முண்டாக்களின் மரபு. குண்ட்கட்டி என்று அதனை அவர்கள் வழங்கினர். அதற்குப் பத்திரம் கிடையாது. முன்னோரின் அஸ்தியைப் புதைத்த இடத்தில் வைத்த கற்களே சாட்சி. வெளியிலிருந்து வந்த ஜமீன்தாரும் குத்தகைதாரரும் லேவாதேவிக்காரரும் காகிதத்தோடு வந்தார்கள். கல்லை வாசிக்கத் தெரியாத நீதிமன்றங்கள் காகிதத்தை நம்பியமையால், காடு திருத்தியவனின் பேரன் தன் பாட்டனாரின் வயலிலேயே கூலியின்றி ஊழியம் செய்ய நேர்ந்தது. வனச் சட்டங்களோ சுள்ளி பொறுக்குவதையும் குற்றமாக்கின. சர்தார்கள் என்று அழைக்கப்பட்ட பெரியவர்கள் பல்லாண்டுகள் சர்க்காருக்கு மனுக் கொடுத்துச் சலித்த பிறகே, 1899-ஆம் ஆண்டின் இறுதியில் உல்குலான் என்னும் அந்தப் பெருங்கிளர்ச்சி மூண்டது. வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு முன் எத்தனை நாள் நிற்கும்? டோம்பாரிக் குன்றில் கூடியிருந்தோர்மீது குண்டு பொழிந்ததோடு அதன் உச்சம் கடந்துவிட்டது.

ஆயினும், தோற்றதாகக் கருதப்பட்ட அக்கிளர்ச்சிக்குப் பின்னரே அப்பிரதேசத்தை அளந்து உரிமைப் பதிவேடு எழுதும் வேலை மும்முரமாயிற்று. 1908-இல் சோட்டா நாகபுரிக் குடிவாரச் சட்டம் பிறந்து, பழங்குடியினரின் நிலம் அந்நியர் கைக்கு மாறுவதற்குத் தடை விதித்து, குண்ட்கட்டி உரிமையையும் அங்கீகரித்தது. என் அபிப்பிராயத்தில் பிர்ஸாவுக்குச் செய்யப்பட்ட முதல் மரியாதை அதுதான். நாட்காட்டியில் ஏறியது நூற்றாண்டு கழித்து வந்த இரண்டாவது. முதலாவதற்கே ஆபத்து வந்ததுண்டு. அச்சட்டத்தைத் தளர்த்த ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2016-இல் நிறைவேற்றிய மசோதாவை, பெரும் எதிர்ப்புக்கிடையே, அப்போது ஆளுநராக இருந்த திரௌபதி முர்மு 2017-இல் திருப்பி அனுப்பினார். பின்னர் குடியரசுத் தலைவராகி, 2022 நவம்பர் 15 அன்று உலிஹாட்டுக்கே சென்று அஞ்சலி செலுத்தினார்.

பழங்குடியினர் கௌரவ தின மேடைகளில் அதிகாரிகள் தலைப்பாகை சூடி மேளம் தட்டுவதை நான் பரிகசிக்கவில்லை; ஆட்டமும் பாட்டும் அம்மக்களின் செல்வமே. ஆனால் நம் தமிழ்நாட்டிலும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தாம் இன்னார் என்று சொல்லும் சாதிச் சான்றிதழ் பெறுவதே பள்ளிப் படிப்பைவிடக் கடினமாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோருக்குப் பட்டா வழங்க வழி செய்கிறது. அதற்கான மனுவைக் கிராம சபை பரிசீலித்து மேலே அனுப்ப வேண்டும். உங்களிற் சிலர் வட்டாட்சியராவீர்கள், சிலர் வழக்கறிஞராவீர்கள், சிலர் நில அளவைத் துறைக்குப் போவீர்கள். அத்தகைய மனு ஒன்று உங்கள் மேஜைக்கு வரும்போது, எழுத்தில் ஆதாரம் இல்லையென்று ஒரே வரியில் தள்ளிவிடாமல், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் பழைய கல்லறைகளும் வழிபாட்டிடங்களும் சாட்சியமாகும் என்று அச்சட்டத்தின் விதிகளே கூறுவதை எடுத்துப் பார்த்து, ஒருமுறை அந்த மலைக்கும் ஏறிப் போய் வாருங்கள்.