வாசலுக்கு வெளியே உள்ள நிலம் யாருடையது?



லயத்து வீட்டின் கொல்லையில் முருங்கையும் வாழையும் நட்டுப் பழகியவர்கள் நாம். 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் அமைந்த அடுக்குமாடியில் கீழ்த்தள வீடொன்றை வாங்கும்போது, வாசலை ஒட்டிய புல்வெளியும் நமதே என எண்ணிவிடுகின்றோம். அது தவறாகும்.

1985ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, நமக்கே உரியவை பட்டாவில் குறித்த வீடும், வண்டி நிறுத்துமிடம் போன்று அதனுடன் இணைத்த துணைப்பகுதியுமே ஆகும். புல்வெளி, நடைபாதை, விளையாட்டிடம் ஆகியன பொதுச்சொத்து. அவற்றைப் பேணவே பராமரிப்புக் கட்டணம் செலுத்துகின்றோம். அங்கு வேலியிட்டால், அதனை அகற்றுமாறு நிர்வாகத்தினர் கூறுவர். செலவும் நம்மையே சாரும்.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்போமாக. விற்பவர் காட்டும் தோட்டம் பட்டாவின் வரைபடத்தில் துணைப்பகுதியாக உள்ளதா? செடி வைக்கவும் துணி உலர்த்தவும் அடுக்குமாடியின் விதிகள் இடந்தருகின்றனவா? குத்தகையில் எஞ்சிய ஆண்டுகள் எத்தனை?

விடைகளை எழுத்தில் பெறுவோம். குடியேறிய பின், கட்டணத்தைப் பாக்கியின்றிச் செலுத்திப் பொதுக்கூட்டத்தில் வாக்களிப்போம். பொதுத்தோட்டம் வேண்டுமெனில், அதனை அங்கே கேட்டுப் பெறுவோம். ஊழியர் சேமநிதியில் சேர்ந்த வாழ்நாள் உழைப்பை வெறும் வாய்ச்சொல்லை நம்பி ஒப்படைத்தல் வேண்டா.