ஹட்டன் என்றொரு பெயர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வந்தால் சீனி வருத்தம், பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று நம் எல்லோர் வாயிலும் புழங்கும் ஒரு பெயரைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பெயர் ஹட்டன்.

நமக்கு அது ஊர். பஸ் கொண்டக்டர் கூவுகிற பெயர். நம் பாட்டிமார் வாயில் அது 'அட்டன்'. ஆனால் இங்கிலாந்தில் ஹட்டன் என்பது ஒரு குடும்பப் பெயரும்கூட. சிமித், ஜோன்ஸ் போலத் தெருவுக்குத் தெரு கேட்கிற பெயர் அல்ல. அதைச் சுமக்கும் குடும்பங்கள் ஒப்பளவில் குறைவுதான்.

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்கள் பல வழிகளில் வந்தவை. தொழிலால் வந்தவை ஒரு வகை. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயருக்குத் தையற்காரர் என்று பொருள். ஊரால் வந்தவை இன்னொரு வகை. ஹட்டன் அந்த வகை. பழைய ஆங்கிலத்தில் 'ஹீத்' என்றால் மரமில்லாத, பயிரிடாத புல்லும் புதரும் மண்டிய நிலம். 'தூன்' என்றால் முதலில் வேலி, பிறகு வேலியடைத்த இடம், அதன்பின் ஊர். இரண்டும் சேர்ந்து தேய்ந்ததுதான் ஹட்டன். இங்கிலாந்தில் செஷயர், டார்பிஷயர், வார்விக்ஷயர் என்று பல பகுதிகளில் இந்தப் பெயரில் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களிலிருந்து வெளியே போனவர்களை அக்கம்பக்கத்தார் 'ஹட்டன்காரர்' என்று அழைத்தார்கள். காலப்போக்கில் அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு நல்ல இணை உண்டு. 'பட்டி' என்ற நம் சொல்லும் ஆடுமாடு அடைக்கிற இடத்தையும் ஊரையும் குறிக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துப் பட்டிகளிலிருந்துதான் நம் முன்னோர் பலர் வந்தார்கள். ஆகவே ஹட்டனைத் தமிழாக்கினால் ஏறக்குறைய 'கரம்பட்டி'. மலைநாட்டு வழக்கிலும் ஒரு சொல் இருக்கிறது. மலைப் புல்வெளிக்கு இங்கே பத்தனை என்று பெயர். கொட்டகலைக்கு அப்பால் பத்தனைச் சந்தியைத் தாண்டிப் போகாதவர் நம்மில் யார்?

இந்தக் குடும்பப் பெயரைச் சுமந்தவர்களில் புகழ்பெற்றவர் சேர் கிறிஸ்தோபர் ஹட்டன். முதலாம் எலிசபெத் மகாராணியிடம் 1587 முதல் 1591 வரை பிரதம நீதித்துறை அமைச்சராக இருந்தவர். உலகைச் சுற்றிவந்த பிரான்சிஸ் டிரேக், 1578இல் தன் கப்பலின் பெயரை 'கோல்டன் ஹைன்ட்' என்று மாற்றியது இவரைக் கௌரவிக்கத்தான். பொன்னிறப் பெண்மான் இவருடைய குடும்பச் சின்னம். லண்டனில் நகைக்கடைகள் நிறைந்த ஹட்டன் கார்டன் தெருவும் இவர் பெயரில்தான் நிற்கிறது. நம் காலத்தில் மான்செஸ்டர் பக்கத்துக் குத்துச்சண்டை வீரர் ரிக்கி ஹட்டன் 2005இல் உலகப் பட்டம் வென்று இப்பெயரைப் பரப்பினார். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிப் பாதாள ரயிலில் லண்டன் போகும் நம் சகோதரிகள், அடுத்து வரும் 'ஹட்டன் குரோஸ்' நிலையத்தின் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டிருப்பார்கள். ஹீத்ரோ என்ற பெயரிலும் அதே 'ஹீத்' இருக்கிறது.

நம் ஹட்டன், ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ஹட்டன் கிராமத்தின் பெயரைக் கொண்டது என்று சொல்வார்கள். கோப்பித் தோட்டங்களுக்காக எழுந்த ஊர் இது. 1884இல் ரயில் இங்கே வந்தது, 1888இல் தோட்டத்துரைமார் ஹட்டன் வங்கியைத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் இன்று நாடு முழுவதும் வங்கிக் கிளைகளின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. சுற்றிலும் பாருங்கள்: நோர்வூட், டிரேட்டன், போர்டைஸ். இவையும் அங்கே ஊர்ப் பெயர்கள், கூடவே குடும்பப் பெயர்கள். வந்தவர்கள் தங்கள் பெயர்களை இந்த மலைகளில் எழுதிவிட்டுப் போனார்கள்.

மலையைத் திருத்தியவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? செக்ரோலில் இருக்கின்றன. தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கே நாட்சம்பளம் என்றொரு பொருள் உண்டு. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு மனுசியின் பெயரைப் பாதியாக்க முடியும் என்று நினைத்த கணக்கு அது.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அது குறையும் அல்ல. பெயரைக் கைமாற்ற நம்மிடம் வேறு வழி இருந்தது. பேரன் என்ற சொல் 'பெயரன்' என்பதிலிருந்தும், பேத்தி என்பது 'பெயர்த்தி' என்பதிலிருந்தும் வந்தவை. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள் என்று பொருள். ஒரு தலைமுறையைத் தாண்டிப் போய் நிற்கிற வழக்கம். ஆனால் படிவங்களில் அதற்குக் கட்டம் கிடையாது.

கட்டம் இல்லாததன் விலையை வைத்தியர்களாகிய நாங்கள் தினமும் பார்க்கிறோம். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லெச்சுமி, கிளினிக் கொப்பியில் லட்சுமி. மூவரும் ஒரே அம்மாதான். எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்ற குறிப்பு, எடுக்காத கொப்பியில் கிடக்கிறது. வெளிநாட்டு வைத்தியசாலையில் தாதி "கருப்பையா" என்று கூப்பிடுவார். கருப்பையாவின் மகள், அப்பா எப்போது இங்கே வந்தார் என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பார். இது சிரிக்கக்கூடிய விசயம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் சிரிக்கக்கூடியதல்ல. தகப்பன், பாட்டன் பிறந்த இடத்தைப் பத்திரத்தால் நிரூபி என்று அது கேட்டது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்களோடு நம்மவர்கள் அதற்கு முன் நின்றார்கள். நாடற்றவர்களாய் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை விடிவு வரவில்லை.

பெண்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. முதலில் அப்பாவின் முதலெழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர். அம்மாவின் பெயர் எங்கேயும் வருவதில்லை. மலையேறிக் கொழுந்தெடுத்து, நமக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்து அனுப்பியவர் அந்த அம்மா. பெயர் மாறிப் போனதால் பழைய மாணவிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதும் சிரமமாகிவிட்டது. சேர்வு இடாப்பில் இருக்கும் பெண்ணும் டொரொன்டோவில் இருக்கும் திருமதியும் ஒருவர்தானா என்று யார் சொல்வது?

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அங்கத்தவர் பதிவேட்டைப் புதிதாக எழுதுவோம். ஒவ்வொருவரும் நான்கு விபரம் தருவோம்: பாடசாலையில் இருந்த பெயர், இப்போதைய பெயர், அம்மாவின் பெயர், பிறந்து வளர்ந்த தோட்டமும் டிவிசனும். அம்மம்மாவின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுவோம். தெரியாவிட்டால் இன்றைக்கே வீட்டுக்குப் பேசிக் கேட்போம். கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

புல்வெளி ஊர் என்ற ஒரு சாதாரணப் பெயர் எழுதி வைக்கப்பட்டதால் பல நூறு ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. மூக்காயி, ராமாயி, பேச்சியம்மா என்ற பெயர்களும் எழுதி வைத்தால் நிலைக்கும். முழுப்பெயராக எழுதுவோம்.