பார்த்தும் காணாத வடிவங்கள்



வடிவகணித வகுப்பில் முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் படத்தை வரைந்துவிட்டு, உள்ளே அடங்கிய முக்கோணத்தைக் காணாத பிள்ளைகளை, "கண் எங்கே போயிற்று?" என்று பலமுறை கடிந்திருக்கிறேன். அக்கேள்வியே பிழையானது என்று எனக்கு உணர்த்திய ஆய்வொன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

1981ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் இர்வின் ராக், டேனியல் கட்மன் என்பாருடன் சேர்ந்து ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். சிவப்புக் கோட்டால் ஓர் உருவம். பச்சைக் கோட்டால் மற்றோர் உருவம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது நேரமே காட்டப்பட்டன. ஒரு நிறத்தை மட்டும் நோக்கி, அவ்வுருவம் எவ்வளவு அழகியது என மதிப்பிட வேண்டும். பின்னர், முன்னறிவிப்பின்றி, மற்றை நிறத்து உருவங்களைக் கேட்டார்கள். நோக்கியவற்றை நன்கு அடையாளங் கண்டவர்கள், நோக்காது விட்டவற்றில் குருட்டாம்போக்கில் ஊகிப்பவரைவிட மேலாகத் தேறவில்லை. இரண்டும் ஒரே கண்ணில், ஒரே கணத்தில் விழுந்தவை என்பதை மறவாதீர்கள்!

அவர்கள் கண்டு மறந்தார்களா, காணவே இல்லையா? வடிவமே உருவாகவில்லை என்றார் ராக். ஆனால் 1985இல் ஸ்டீவன் டிப்பர் வேறொன்றைக் காட்டினார். இத்தகைய இரட்டைப் படத்தில் புறக்கணித்த பொருளையே அடுத்த படத்தில் பெயர் சொல்லும்படி கேட்டால், விடை சற்றுத் தாமதமாகிறது. அறவே உட்புகாத ஒன்று எவ்வாறு தடை செய்யும்? எனவே ராக் கூற்றை முழுதும் ஏற்க எனக்கு மனமில்லை.

1995இல் நில்லி லவி சொன்ன விளக்கம் எனக்கு உவப்பானது. ஏற்ற பணி கடினமாயின் கவனம் முழுதும் அதிலேயே செலவாகிவிடும், பிறவற்றுக்கு மிச்சமிராது. பணி எளிதாயின் எஞ்சிய கவனம், நாம் வேண்டாவிடினும், பக்கத்திலுள்ளவற்றின் மீது சிந்திவிடும்.

கற்றுத் தேர்ந்தவர்க்கும் இவ்வெல்லை உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களுள் 20 பேர், அப்படத்திலேயே செருகப்பட்டிருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அது சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. காணத் தவறியோருள் பெரும்பாலோரின் பார்வை அவ்விடத்தின்மீதே விழுந்திருந்தது.

இப்போதெல்லாம் நான் ஒரு முக்கோணத்தை வரைந்து, அதனைப் பற்றிப் பேசி முடித்த பின்னரே, வேறு வண்ணச் சுண்ணக்கட்டியை எடுக்கிறேன்.