கடைசியாய் வரும் பிள்ளைக்கும் கை தட்டுவோம்

(தோட்ட விளையாட்டு விழாவுக்கு முன் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சித்திரைப் புதுவருஷ விளையாட்டு விழாவில் இந்த முறையும் மரதன் ஓட்டம் இருக்கிறது. ஓடப் போகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய புத்திமதியை ஓடிப் பழகிய அண்ணன்மார் சொல்லிக்கொடுப்பார்கள். நாம் இன்றைக்குப் பேச வந்தது ஓடாதவர்களைப் பற்றி, அதாவது ரோட்டோரத்தில் நின்று பார்க்கப் போகிற நம்மைப் பற்றித்தான். “பார்க்கிறவங்களுக்கு என்ன வேலை இருக்கு?” என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

உண்மையான மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. பிறகு 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். நம் பக்கத்தில் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடினாலும் மரதன் என்றுதான் சொல்லுகிறோம். சொல்லிவிட்டுப் போவோம். தூரம் குறைவுதான், ஆனால் நம்முடைய ரோட்டில் ஏத்தம் ஏத்தம்தானே!

முதல் விடயம், எங்கே நிற்பது? வழக்கமாக நாம் எல்லோரும் மைதானத்திலேயே கூடி நிற்போம். பாட்டுப் போடுகிற இடம், கடலை விற்கிற இடம் அதுதான். ஓட்டம் தொடங்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெம்பு இருக்கும், நம்முடைய சத்தம் அவ்வளவாகத் தேவைப்படாது. முடிகிற இடத்தில் ரிபன் கண்ணுக்குத் தெரியும், கால் தானாகப் போகும். நடுவில்தான் கஷ்டம். ஸ்டோரைத் தாண்டி மேலே ஏறுகிற வளைவில் ஒருத்தரும் இல்லை. இரண்டு பக்கமும் தேயிலைதான். மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது, “நின்றுவிடலாமே” என்று மனசு சொல்லுகிறது. அந்த இடத்தில் நம்மில் பத்துப் பேர் நிற்க வேண்டும். ஒவ்வொரு லயத்தாரும் ஒரு வளைவைப் பொறுப்பெடுத்தால் வழி முழுவதும் ஆள் இருக்கும்.

இரண்டாவது, என்ன சொல்லுவது? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கூட்டத்துச் சத்தத்தில் தன் பேர் காதில் விழுந்தால் அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்க்கும். தூரத்தைச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். இன்னும் இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது “இந்தா முடிஞ்சிருச்சு, வளைவுதான்” என்று சொன்னால், வளைவு திரும்பியதும் அந்தப் பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும். “இந்த ஏத்தம் முடிஞ்சா இறக்கந்தான் தங்கச்சி” என்று சொல்லுங்கள், அது மெய் என்றால். தொடக்கத்திலேயே “வேகமா ஓடு, வேகமா ஓடு” என்று கத்த வேண்டாம். நம் பேச்சைக் கேட்டு முதல் கிலோமீற்றரிலேயே பலத்தைக் கொட்டிவிட்டால் பிறகு ஓட ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது, தண்ணீர். கொதித்தாறின தண்ணீரைக் கோப்பையில் அரைவாசி ஊற்றி, ரோட்டோரமாக நின்று கையை நீட்டிப் பிடியுங்கள். வேண்டியவர் எடுப்பார், வேண்டாதவரை வற்புறுத்த வேண்டாம். சோடா, வடை, இனிப்பு எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு கொடுக்கலாம். சினேகிதன் ஓடுகிறான் என்று மோட்டார் சைக்கிளிலும் ஆட்டோவிலும் பின்னாலே போக வேண்டாம். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது ஓடுகிற பிள்ளைகள்தான். விழா என்று குடித்துவிட்டு ரோட்டுக்கு வருகிற பழக்கமும் அன்றைக்கு வேண்டாம்.

நான்காவது, ஓடுகிறவரைத் தொடக்கூடாது. அதே 1908 லண்டன் ஓட்டத்தில் இத்தாலி நாட்டு டொராண்டோ பியெட்ரி என்பவர்தான் முதலாவதாக மைதானத்துக்குள் வந்தார். களைப்பில் திசை மாறி ஓடினார், பல தடவை விழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள் மனம் பொறுக்காமல் தூக்கிவிட்டு, கோட்டைத் தாண்டக் கைகொடுத்தார்கள். உதவி பெற்றார் என்று அவருடைய வெற்றியை நீக்கிவிட்டார்கள். அடுத்து வந்த அமெரிக்கரான ஜோனி ஹேய்ஸுக்கு முதலிடம் போனது. மறுநாள் அலெக்ஸாண்ட்ரா மகாராணி பியெட்ரிக்கு ஒரு கிண்ணம் பரிசளித்தார் என்பது வேறு கதை. ஆகவே கையைப் பிடித்து இழுப்பது, முதுகில் தள்ளுவது எல்லாம் உதவியாகாது.

ஆனால் ஒன்று. ஒரு பிள்ளை தள்ளாடினால், பேச்சுத் தடுமாறினால், ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால், “ஓடு ஓடு” என்று சொல்லவே கூடாது. அங்கே ஓட்டம் முடிந்தது. உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பைத் தண்ணீரால் நனைத்து, விசிறிவிட்டு, முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள். நினைவு சரியில்லாத பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பரிசு அடுத்த வருஷமும் கிடைக்கும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். முதல் மூன்று பேர் வந்ததும் நாம் கலைந்துவிடுகிறோம். அதுக்குப் பிறகு வருகிறவர்களைப் பார்த்து, “என்னா, நடந்தே வந்திருக்கலாமே” என்று கேலி வேறு. பொம்பளைப் பிள்ளைகள் ஓடினால் உடுப்பைப் பற்றி, உடம்பைப் பற்றிப் பேச்சு. அதற்குப் பயந்தே எத்தனை பிள்ளைகள் பேர் கொடுக்காமல் ஒதுங்குகிறார்கள்! ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் ஓட்டம் 1984இல்தான் வந்தது. அதுவரை பெண்களுக்கு அந்தப் பலம் இல்லை என்று பேசினார்கள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் நம் தாய்மாருக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பொய் என்று தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாமே அதைப் பேசலாமா?

நம் நாட்டு ஓட்டக்காரர் ரணதுங்க கருணானந்தவை நினைத்துப் பாருங்கள். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டம், மைதானத்தை 25 தடவை சுற்ற வேண்டும். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். அவருக்கு இன்னும் சுற்றுகள் மிச்சம் இருந்தன. தனி ஆளாக ஓடினார். முதலில் கூட்டம் கேலி செய்தது. அவர் நிற்காமல் ஓடுவதைக் கண்டு அமைதியானது. கடைசிச் சுற்றில் மைதானமே எழுந்து கரகோஷம் செய்தது. கடைசியாக வந்த அந்த மனிதரின் கதையை ஜப்பானில் பாடசாலைப் பிள்ளைகளின் புத்தகத்தில் சேர்த்தார்கள். கேலி செய்த கூட்டம்தான் கை தட்டவும் செய்தது. அந்தக் கூட்டத்தால் மாற முடிந்தது என்றால் நம்மாலும் முடியும்.

ஆகவே இந்த முறை கடைசிப் பிள்ளை உள்ளே வரும் வரைக்கும் ஒருத்தரும் மைதானத்தை விட்டுப் போக வேண்டாம். ரிபனைக் கட்டி வைத்திருப்போம், கடைசியாக வருகிறவருக்கும் பிடிப்போம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். பரிசு மூன்று பேருக்குத்தான் கொடுக்க முடியும். கைதட்டலுக்குக் கணக்கு இல்லை, காசும் இல்லை. அன்றைக்குக் கைதட்டல் கேட்ட பிள்ளை அடுத்த வருஷமும் பேர் கொடுக்கும், தன் தங்கச்சியையும் கூட்டிவரும்.

எல்லோரும் குடும்பமாக வாருங்கள்.