போர்க்காலப் புதினப்பத்திரிகை



புதினப்பத்திரிகைக்கு ஆயுள் ஒரு நாள் என்பர். காலையில் படிக்கிறோம்; மறுநாள் அதிலே சரை சுற்றுகிறோம். அவ்விதிக்குத் தப்பிய 1942ஆம் ஆண்டு இதழொன்று நம் வீட்டுப் பெட்டகத்தில் அகப்பட்டால் அதை எவ்வாறு படிப்பது, எவ்வாறு பேணுவது என்பது பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

அவ்வாண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. கொழும்பில் எதிரி விமானங்கள் இருபதுக்கு மேல் வீழ்த்தப்பட்டன என்று அந்நாளில் அறிவிக்கப்பட்டது. யப்பானியர் இழந்தவை பத்துக்கும் குறைவு என்பது போருக்குப் பின் தெரிந்தது.

ஆகவே அப்பத்திரிகையை வீசிவிடலாமா? கூடாது. நடந்தது எது என்பதற்கு அது அரைச் சான்று. மக்கள் எதை நம்பி அன்றிரவு கண்ணயர்ந்தனர் என்பதற்கு முழுச் சான்று. பெருந்தலைப்புகளோடு நின்றுவிடாமல், சிறு விளம்பரங்களையும் அரிசிப் பங்கீட்டு அறிவித்தல்களையும் படித்தல் வேண்டும். பர்மா அரிசி நின்றபோது நம் அடுப்பங்கரை பட்ட பாடு அங்கேதான் தெரியும்.

கடதாசியும் ஒரு சான்றே. போரினாற் கப்பற் போக்குவரத்துத் தடைப்பட, அச்சுக் கடதாசி அரிதாயிற்று. பல நாட்டுப் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. மரத்தை அரைத்த கூழினாலான அம்மலிவுக் கடதாசியில் 'லிக்னின்' என்னும் பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட அது பழுப்பேறும். கடதாசியிலுள்ள அமிலம் நாரை அறுக்கும். மடிப்பிலேதான் முதலில் முறியும்.

எனவே பழைய இதழை மடியாது விரித்து வையுங்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், அதன் பசை காலப்போக்கிற் கறையாகும். வெயிலும் ஈரமும் செல்லும் அணுகாத இடத்தில், அமிலமற்ற தாளுக்கிடையில் வையுங்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்துக்கொள்ளுங்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் இல்லாமற் போகும் என்பதை நாம் கண்டவர்கள். பெரியோர்களே, உங்கள் பெட்டகங்களைத் திறவுங்கள். இளைஞர்களே, அவர்கள் அருகிருந்து, தாளில் இல்லாத கதையையும் கேட்டு எழுதிவையுங்கள். தாள் முறியுமுன் இப்பணி தொடங்கட்டும்.